ஒளியை ஒவ்வொன்றாக எண்ணும் சிலிக்கான்: பெட் ஸ்கேனுக்குள் இருக்கும் டிஜிட்டல் உணரிகள்

உடலின் உள்ளே திசுக்கள் செயல்படும் விதத்தைப் படமாக்கும் பெட் (PET) ஸ்கேனுக்கு வரும் நோயாளியின் உடலில், ஃபுளோரின்-18 என்னும் கதிரியக்க அணு இணைக்கப்பட்ட, குளுக்கோஸை ஒத்த மருந்து மிகச் சிறிய அளவில் செலுத்தப்படுகிறது. சர்க்கரையை மிகுதியாக உறிஞ்சும் திசுக்களில், குறிப்பாகப் பல வகைப் புற்றுக்கட்டிகளில், அது சேர்கிறது. ஏறத்தாழ 110 நிமிட அரை ஆயுள் கொண்ட இந்த அணு சிதையும்போது வெளியேறும் பாசிட்ரான் (எலக்ட்ரானின் நேர்மின் எதிர்த்துகள்), அருகிலேயே ஓர் எலக்ட்ரானைச் சந்தித்து அதனுடன் சேர்ந்து அழிந்துபோகிறது. அழிந்த இடத்திலிருந்து, தலா 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய இரண்டு காமா ஃபோட்டான்கள் (உயர் ஆற்றல் ஒளித்துகள்கள்) ஏறக்குறைய நேரெதிர்த் திசைகளில் புறப்படுகின்றன. நோயாளியைச் சுற்றி வளையமாக அமைந்த உணரிகளில் இவ்விரண்டும் ஒரே சமயத்தில் பட்டால், அந்த இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டில்தான் எங்கோ சிதைவு நிகழ்ந்திருக்கிறது என்று கருவி குறித்துக்கொள்கிறது. இப்படிச் சேரும் கோடிக்கணக்கான கோடுகளிலிருந்து படம் உருவாகிறது.

காமா ஃபோட்டான் மெல்லிய சிலிக்கான் தகட்டைப் பெரும்பாலும் ஊடுருவிச் சென்றுவிடும். எனவே அதை முதலில் லுட்டீசியம் கலந்த அடர்த்தியான ஒரு படிகம் தடுத்து நிறுத்துகிறது. உள்வாங்கிய ஆற்றலைப் படிகம் நீல ஒளியாக, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஒளி ஃபோட்டான்களாக வெளியிடுகிறது. இந்த மினுக்கம் சட்டென்று தோன்றி, சுமார் 40 நானோ நொடி அளவிலான கால அளவில் தேய்கிறது. இந்த ஒளியை எவ்வளவு நுட்பமாகப் படிக்க முடிகிறது என்பதைப் பொறுத்தே படத்தின் தரம் பெருமளவு அமைகிறது.

நெடுங்காலம் இந்தப் பணியைச் செய்தவை ஒளிமின் பெருக்கிக் குழாய்கள். அவை வெற்றிடக் கண்ணாடிக் குழாய்கள்; ஆயிரம் வோல்ட் அளவிலான மின்னழுத்தத்தில் இயங்குபவை. ஓர் எலக்ட்ரானைப் பல இலட்சமாகப் பெருக்கும் திறன் பெற்ற இவை, காந்தப் புலத்தில் தடுமாறிவிடும். ஆகவே வலிமையான காந்தத்தைக் கொண்டு இயங்கும் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் பெட் வளையத்தைப் பொருத்த முயன்றவர்களுக்குச் சிலிக்கானை நாடுவதே வழியாயிற்று.

சிலிக்கான் உணரியின் அடிப்படை, சில பத்து மைக்ரோமீட்டர் அகலமே உள்ள ஒரு நுண் டையோடு. அது தாங்கும் எல்லையான முறிவு மின்னழுத்தத்தைவிடச் சற்றுக் கூடுதலான, மின்னோட்டத்தைத் தடுக்கும் திசையிலான எதிர்ச்சார்பு மின்னழுத்தத்தில் அதை நிறுத்தி வைக்கிறார்கள். அந்நிலையில் மின்னோட்டம் இல்லை. ஆனால் ஒரேயொரு ஃபோட்டான் ஒரேயொரு எலக்ட்ரானை விடுவித்தாலும், வலிமையான மின்புலம் அதை முடுக்க, அது மோதும் அணுக்களிலிருந்து மேலும் எலக்ட்ரான்கள் கிளம்ப, கணத்துக்குள் அளந்தறியத்தக்க மின்துடிப்பு பிறந்துவிடுகிறது. பிறகு மின்னழுத்தத்தைத் தணித்துப் பெருக்கத்தை அடக்கி, டையோடை அடுத்த ஃபோட்டானுக்குத் தயாராக்க வேண்டும். ஒரு ஃபோட்டான் விழுந்தாலும் ஒரே நேரத்தில் ஐந்து விழுந்தாலும் இந்த டையோடு தரும் விடை ஒன்றே: 'பட்டது'. அதாவது பிறக்கும்போதே அது டிஜிட்டல்.

வழக்கமான சிலிக்கான் பெருக்கியில் இத்தகைய ஆயிரக்கணக்கான டையோடுகள் இணையாகப் பிணைக்கப்பட்டு, அவற்றின் துடிப்புகள் ஒரே கம்பியில் கலந்து மின்னோட்டமாக வெளிவருகின்றன. அந்த மின்னோட்டத்தைப் பெருக்கி, மீண்டும் எண்ணாக மாற்றுகிறார்கள். எண்ணாகவே கிடைத்த ஒன்றைக் கலைத்துவிட்டு மறுபடியும் எண்ணாக்கும் இந்தச் சுற்றுவழியில் இரைச்சல் சேர்வதோடு, எந்த டையோடு எப்போது துடித்தது என்ற தகவலும் மறைந்துபோகிறது. இந்தச் சுற்றுவழியைத் தவிர்ப்பதே டிஜிட்டல் உணரியின் சாரம். 2009ஆம் ஆண்டில் ஃபிலிப்ஸ் ஆய்வாளர்கள் அறிமுகப்படுத்திய வடிவத்தில், ஒவ்வொரு டையோடின் அருகிலும் அதன் நிலையைப் படிக்கும் மின்சுற்று அதே சில்லில் செதுக்கப்பட்டிருந்தது. துடித்த டையோடுகளின் எண்ணிக்கையும், முதல் ஃபோட்டான்கள் வந்த நேரமும் எண்களாகவே சில்லிலிருந்து வெளிவந்தன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வசதி, பழுதான டையோடுகளைத் தனித்தனியே அணைக்க முடிவதுதான். ஒளியே இல்லாதபோதும் வெப்பத்தால் விடுபடும் எலக்ட்ரான்கள் பொய்த் துடிப்புகளை உண்டாக்கும். இவற்றின் பெரும்பங்கு, படிகக் குறைபாடுள்ள சில டையோடுகளிலிருந்தே வருகிறது. கூட்டாகப் பிணைத்த உணரியில் அந்தச் சிலவற்றின் இரைச்சலை அனைத்தும் சுமக்க வேண்டும். இங்கோ, இருளில் ஒவ்வொன்றையும் சோதித்து, மிகுதியாகத் துடிப்பவற்றை மட்டும் வாயடைத்துவிடலாம். குளிர்வித்தாலும் பொய்த் துடிப்புகள் வெகுவாகக் குறையும். இதற்கு விலையும் உண்டு: மின்சுற்று பிடித்துக்கொள்ளும் பரப்பில் விழும் ஃபோட்டான்கள் வீணாகின்றன. டையோடுகளை ஓர் அடுக்கிலும் மின்சுற்றுகளை அதன் கீழடுக்கிலும் அமைக்கும் முயற்சிகள் இதற்காகவே நடக்கின்றன.

இத்தனை பாடும் பெரும்பாலும் நேரத்துக்காகவே. கோட்டின் நடுவிலிருந்து சிதைவு விலகி நிகழ்ந்தால், ஒரு காமா ஃபோட்டான் மற்றதைவிடச் சற்று முந்தி வந்து சேரும். ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் செல்வதால், நேர வேறுபாட்டை 200 பிக்கோ நொடித் (ஒரு பிக்கோ நொடி என்பது நானோ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துல்லியத்தில் அளந்தால், சிதைந்த இடத்தைக் கோட்டின்மீது சுமார் 3 சென்டிமீட்டருக்குள் குறுக்கிவிடலாம். படத்தின் இரைச்சல் அந்த அளவுக்குக் குறைவதால், மருந்தின் அளவையோ ஸ்கேன் நேரத்தையோ குறைக்க வழி பிறக்கிறது. 10 பிக்கோ நொடியை எட்டினால் அது ஒன்றரை மில்லிமீட்டராகிவிடும். ஆய்வாளர்கள் இன்று வெளிப்படையாகவே முன்வைத்திருக்கும் இலக்கு அது. அங்கே தடையாக நிற்பது உணரி மட்டுமன்று, படிகத்தின் நிதானமான மினுக்கமும்தான். ஆகவே, படிகத்துக்குள் ஒளி செல்லும் வேகத்தை மிஞ்சிப் பாயும் எலக்ட்ரான் உடனடியாக உமிழும் செரன்கோவ் ஒளியைப் பிடிக்க முயல்கிறார்கள். ஒரு நிகழ்வுக்கு அதில் கிடைப்பவை இருபது ஃபோட்டான்கள் அளவிலேயே என்பதால், ஒவ்வொன்றையும் தவறவிடாமல் எண்ணும் உணரி இல்லாமல் அந்த முயற்சியைத் தொடங்கவே முடியாது.