அநீதியும் அந்நீதியும்: குழந்தைகளுக்கு முன்னொட்டு கற்பித்தல்

தமிழ் பெரும்பாலும் பின்னொட்டுகளால் இயங்கும் மொழி. ‘மரம்’ என்பது ‘மரங்களிலிருந்து’ என நீளும்போது மாற்றமெல்லாம் சொல்லின் பின்பகுதியிலேயே நிகழ்கிறது. பேச்சொலி காதில் விழத் தொடங்கியவுடனேயே மூளை முதல் ஒலிகளைக் கொண்டு சொல்லைத் தேட ஆரம்பித்துவிடுவதால், முன்பகுதி மாறாதிருப்பது கேட்பவருக்கு வசதி. உலக மொழிகளில் பின்னொட்டுகள் முன்னொட்டுகளைவிட மிகுந்திருப்பதற்கு மொழியியலாளர் சிலர் கூறும் காரணமும் இதுவே. முன்னொட்டு இந்த வசதியைக் குலைக்கிறது. உணவகப் பலகையில் ‘அசைவம்’ என்று வாசிக்கும் குழந்தை, அதற்குள் தனக்குத் தெரிந்த ‘சைவம்’ இருப்பதைக் காண வேண்டுமானால், முதலெழுத்தைக் கழற்றிப் பார்க்கப் பழகியிருக்க வேண்டும்.

இந்த எதிர்மறை ‘அ’ சமஸ்கிருதச் சொற்களோடு தமிழுக்கு வந்தது. நீதி அநீதியாகும், சுத்தம் அசுத்தமாகும். உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லின் முன் அது ‘அன்’ ஆகிவிடும்: உசிதம் அனுசிதமாகிறது, ஆசாரம் அனாசாரமாகிறது. ஆங்கிலத்தில் ‘ஹேப்பி’யை ‘அன்ஹேப்பி’ ஆக்கும் ‘அன்’னும் இதே இந்தோ-ஐரோப்பிய மூலத்திலிருந்து பிறந்ததுதான் என்பதை இரு மொழியும் படிக்கும் மாணவருக்குச் சொல்லி வைக்கலாம்.

சிக்கல் இனிமேல்தான் தொடங்குகிறது. தமிழுக்கென்றே சொந்தமான வேறோர் ‘அ’ உண்டு. தொல்காப்பியம் அ, இ, உ மூன்றையும் சுட்டு என்கிறது. அவற்றுள் உகரச் சுட்டு யாழ்ப்பாணப் பேச்சில் ‘உது’, ‘உவன்’ என இன்றும் வழங்குகிறது. சுட்டு ‘அ’ நீதியோடு சேர்ந்தால் ‘அந்த நீதி’ என்ற பொருளில் ‘அந்நீதி’ கிடைக்கும். அநீதிக்கும் அந்நீதிக்கும் இடையே இருப்பது ஒரேயொரு புள்ளியெழுத்து. சுட்டு தன்னையடுத்து வரும் மெய்யை இரட்டிக்கச் செய்யும். அச்செயல், அப்பையன் என்பவை அவ்வாறு அமைந்தவை. உயிர் வந்தால் ‘அவ்வூர்’ என வகரம் தோன்றும். எதிர்மறை ‘அ’ எதையும் இரட்டிப்பதில்லை. ‘அரசன் வழங்கிய அந்நீதியை மக்கள் போற்றினர்’, ‘அரசன் இழைத்த அநீதியை மக்கள் எதிர்த்தனர்’ என்ற இரு வாக்கியங்களையும் வாய்விட்டுப் படிக்கச் செய்தால், புணர்ச்சி விதியை மனப்பாடம் செய்யாத குழந்தையும் வேறுபாட்டைக் காதால் பிடித்துக்கொள்ளும். விதியை அதன் பிறகு சொன்னால் போதும் என்பது என் கருத்து.

கழற்றக் கற்ற குழந்தை எல்லாவற்றையும் கழற்றத் தொடங்கும்; அது வளர்ச்சியின் அடையாளமே. ‘அமைதி’யில் மைதியைத் தேடும், கிடைக்காது. ஆனால் ‘அகல்’, ‘அவரை’ ஆகிய சொற்களில் முதலெழுத்து போனபின் ‘கல்’, ‘வரை’ என்ற நல்ல தமிழ்ச் சொற்களே எஞ்சுகின்றன. அகல் விளக்கு கல் அல்லாதது என்று பொருள்படுமா? ஆகவே இரண்டு சோதனைகள் தேவை: எஞ்சுவது வழக்கில் உள்ள சொல்லாக இருக்க வேண்டும், முழுச்சொல்லின் பொருளும் அதிலிருந்தே பிறக்க வேண்டும். பொருள் நேர் எதிராகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. ‘அகால மரணம்’ என்பதில் அகாலம் காலமின்மையைக் குறிக்கவில்லை. உரிய காலமல்லாததைக் குறிக்கிறது.

வளர்ந்தோரின் மனமும் இவ்வாறு கழற்றியே படிக்கிறது என்பதற்கு உளவியல் ஆய்வாளர்களான மார்க்கஸ் டாஃப்ட்டும் கென்னத் ஃபார்ஸ்டரும் 1975இல் வெளியிட்ட ஆய்வு ஒரு சான்று. ‘ரிஜுவனேட்’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து ‘ரி’யை நீக்கினால் எஞ்சும் ‘ஜுவனேட்’ தனிச்சொல் அன்று. ஆயினும் அதைச் ‘சொல் அன்று’ என ஒதுக்க, ‘ரெபெர்ட்வார்’ என்பதன் முன்பகுதியை வெட்டிய ‘பெர்ட்வார்’ போன்றவற்றை ஒதுக்குவதைவிட வாசகர்களுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. ‘ரிஜுவனேட்’டில் நீக்கப்பட்ட ‘ரி’ உண்மையான முன்னொட்டு. ‘ரெபெர்ட்வார்’இல் வெட்டப்பட்ட ‘ரெ’ முன்னொட்டுபோல் தோன்றும் வெறும் அசை. சொல்லின் அடிப்பகுதி மனத்தில் தனியே பதிந்திருப்பதே இந்தத் தாமதத்துக்குக் காரணம் என அவர்கள் விளக்கினர்.

முன்னொட்டுக்கு ஒற்றைப் பொருளை எழுதிக்கொடுத்து முடித்துவிடுவதுதான் கற்பித்தலில் அடிக்கடி நேரும் பிழை. ‘மறு’ என்றால் ‘மீண்டும்’ என்று சொல்லிக் கொடுத்தால் மறுபதிப்பும் மறுகூட்டலும் விளங்கிவிடும். மறுநாள் விளங்காது, ஏனெனில் மறுநாளில் அதே நாள் மீண்டும் வருவதில்லை. மறுகரையில் ‘மீண்டும்’ என்பதற்கு இடமே இல்லை. நான்கு சொற்களையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எல்லாவற்றுக்கும் பொருந்தும் பொருளைக் குழந்தைகளையே தேடச் சொன்னால், ‘இன்னொன்று’, ‘மற்றது’ என்ற பொருளுக்கு அவர்களே வந்து சேர்வார்கள்: இன்னொரு பதிப்பு, இன்னொரு முறை கூட்டல், அடுத்துள்ள மற்ற நாள், எதிரிலுள்ள மற்றக் கரை. மறுமொழியும் மறுபிறவியும் இதே பொருளில் அடங்கும். ‘மறுத்தான்’ என்பதில் மட்டும் ‘மறு’ வினையடியாக நிற்கிறது. அங்கே கழற்றுவதற்கு ஒன்றுமில்லை.