கயிறு லேசாக வந்தால் உடனே பிஸ்டன் வாங்காதீர்கள்

படகின் பின்புறம் மாட்டும் பழைய அவுட்போர்டு மோட்டாரில் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தால், பிஸ்டன் மேலே வரும் ஒவ்வொரு முறையும் கயிறு கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டும். வாளி அறுந்த கிணற்றுக் கயிறு மாதிரி அது லேசாக வந்தால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம், குறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் யாராவது ஒருவர் “பிஸ்டன் போச்சு, மாத்திடுங்க” என்று சொல்லியிருப்பார். பிஸ்டனையும் வாங்கிக்கொண்டு பட்டறைக்கு வருவார்கள். எங்கே கசிகிறது என்று மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சமீபத்தில் அப்படி வந்தது ஒரு இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் மோட்டார். இரண்டிலுமே அழுத்தம் 60 பிஎஸ்ஐகூட (அழுத்தத்தின் அலகு) இல்லை என்றார் அதன் சொந்தக்காரர். அளந்த விதத்தைக் கேட்டேன். எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டிலை மூடி வைத்தே இழுத்திருக்கிறார். காற்று உள்ளே போனால்தானே அழுத்தம் வரும்?

முதலில் எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். பிளக் வயர்களை எஞ்சின் உடம்போடு எர்த் செய்துவிடுங்கள்; துளை வழியாக வெளியே வரும் பெட்ரோல் புகையில் ஒரு பொறி பட்டால் போதும், தீப்பிடிக்கும். பிளக் துளையில் அழுத்தம் அளக்கும் கேஜை மாட்டி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து, முள் அதற்கு மேல் ஏறாமல் நிற்கும் வரை கயிற்றை இழுங்கள். எல்லா சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கை இழுப்பு. எத்தனை பிஎஸ்ஐ இருக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். நான் பெரிதாகப் பார்ப்பது சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைத்தான். அது 10 முதல் 15 சதவீதத்தைத் தாண்டினால் ஏதோ கோளாறு இருக்கிறது. இந்த மோட்டாரில் சரியாக அளந்தபோது மேல் சிலிண்டரில் 110, கீழே 70.

பிளக் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளக்கும் பழக்கம் உண்டு. முள் ஏறினால், பிஸ்டனைச் சுற்றி இருக்கும் உலோக வளையமான ரிங் தேய்ந்துவிட்டது என்பார்கள். சின்ன டூ ஸ்ட்ரோக்கில் நான் அதை அவ்வளவாக நம்புவதில்லை. விட்ட ஆயிலே எரியறையில் இடத்தை அடைத்துக்கொண்டு முள்ளை ஏற்றிவிடும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரும் ஒன்றுபோலக் குறைந்திருந்தால் எனக்கு ஹெட் கேஸ்கட் (சிலிண்டருக்கும் அதை மூடும் ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) மேல்தான் முதல் சந்தேகம். கழற்றினால் இரண்டு சிலிண்டர் துளைக்கும் நடுவே கரிக்கோடு ஓடியிருக்கும்.

இங்கே ஒன்று மட்டும்தான் குறைவு. எக்ஸாஸ்ட் கவரைக் கழற்றி, புகை வெளியேறும் துளையான போர்ட் வழியாக ரிங்கை ஒரு மரக்குச்சியால் மெல்ல அழுத்திப் பார்த்தேன். நல்ல ரிங் உள்ளே போய்த் திரும்பி வரும். இது அசையவே இல்லை. கரி பிடித்து, பிஸ்டனில் அது உட்காரும் காடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

கரி கரைக்கும் ஸ்ப்ரேயை அடித்து ஒரு ராத்திரி ஊறவிட்டேன். காலையில் பிளக் போடாமலே பலமுறை சுற்றி, தேங்கிய திரவத்தை வெளியேற்றினேன். இதைச் செய்யாமல் ஸ்டார்ட் பண்ணினால் கனெக்டிங் ராடு வளையக்கூடும். அப்புறம் திறந்தவெளியில் ஓடவிட்டு, புகை அடங்கியதும் அளந்தேன். கீழே 100. வாங்கி வந்த பிஸ்டன் டப்பாவிலேயே இருந்தது.

எப்போதும் இவ்வளவு சுலபமாக முடியாது. சிலிண்டர் சுவரில் நகம் தட்டும் அளவுக்குக் கோடு இருந்தால் ஹெட்டை இறக்க வேண்டியதுதான். உப்புத் தண்ணீரில் ஓடிய மோட்டாரில் ஹெட் போல்ட்டை வலுவாகத் திருகினால் முறிந்துவிடும். சூடு காட்டி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாக ஆட்டித்தான் எடுக்க வேண்டும். சிலிண்டரின் உள்துளை வட்டம் கெடாமல் அளவுக்குள் இருந்தால் ஹோனிங், அதாவது சுவரைக் கல்லால் லேசாகத் தேய்ப்பது, போதும். இல்லாவிட்டால் துளையைப் பெரிதாகக் கடைந்து (போரிங்), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும்.

ஹோனிங் முடிந்ததும் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நான் பெட்ரோல் துணியால் துடைத்து மாட்டிவிட்டேன். சுவரில் தங்கிய கல்தூள் புது ரிங்கைச் சில மணி நேரத்திலேயே தின்றுவிட்டது. வெள்ளைத் துணியால் துடைத்தால் சாம்பல் நிறம் ஒட்டாமல் வரும் வரை கழுவ வேண்டும். டூ ஸ்ட்ரோக் ரிங்குக்குக் காடியில் ஒரு சின்ன பின் இருக்கும். ரிங்கின் இரண்டு முனையும் அந்தப் பின்னில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே சிலிண்டருக்குள் இறக்குங்கள். இல்லையென்றால் முனை போர்ட்டில் மாட்டி உடையும்.

அந்த 70க்குக் காரணம் என்ன என்பது இன்னும் பாக்கி. தண்ணீர் பம்பைத் திறந்தேன். தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரின் இறக்கைகள் ஒரு பக்கமாக மடிந்து கட்டையாக இறுகியிருந்தன. தண்ணீர் சரியாக ஏறாமல் எஞ்சின் சூடேறிக்கொண்டே இருந்திருக்கிறது, கரியும் ரிங்கும் அந்தச் சூட்டில் ஒட்டிக்கொண்டன. இம்பெல்லரை மாற்றாமல் அனுப்பியிருந்தால் சொந்தக்காரர் இதே மாதிரி ஒட்டிய ரிங்கோடு திரும்பி வந்திருப்பார். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட் அடைத்து ஒரு சிலிண்டருக்கு மட்டும் பெட்ரோல் குறைவாகப் போனாலும் இதே கதைதான், அதனால் அதையும் கழற்றிச் சுத்தம் செய்தேன்.

இன்னொன்று: கேஜில் நல்ல எண் வந்தும் மோட்டார் இழுக்கவில்லை என்றால் பிஸ்டனுக்குக் கீழே உள்ள அறையின் (கிராங்க்கேஸ்) சீலையும், அதற்குள் காற்று வரும் வழியில் உள்ள ரீட் வால்வையும் பாருங்கள். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழேயும் அழுத்தம் வேண்டும். பிளக் துளையில் வைக்கும் கேஜுக்கு அது தெரியாது.

அனுப்பும் முன் 110, 100 என்ற இரண்டு எண்ணையும் தேதியையும் மோட்டார் மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை அளக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்கட்டும். த்ராட்டிலைத் திறந்து வைத்து அளக்கச் சொல்லியிருக்கிறேன்.