குண்டு எவ்வளவு ஆழம் போக வேண்டும்?

1986 ஏப்ரல் 11 அன்று காலை, அமெரிக்காவின் மயாமி நகருக்குத் தெற்கே ஒரு குடியிருப்புத் தெருவில், வங்கிக் கொள்ளையர் இருவரின் காரை எஃப்.பி.ஐ. ஆட்கள் எட்டுப் பேர் மடக்கினார்கள். சண்டையின் தொடக்கத்திலேயே ஒரு 9 மி.மீ. குண்டு கொள்ளையன் ஒருவனின் வலது மேற்கையைத் துளைத்து, மார்புக்குள் புகுந்து, நுரையீரலைக் கிழித்தது. ஆனால் இதயத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் இருக்கும்போது நின்றுவிட்டது. உயிர் போகும் காயம்தான். இருந்தும் அவன் தொடர்ந்து சுட்டான். எஃப்.பி.ஐ.யில் இருவர் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள்.

தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் அமெரிக்கர்கள் இன்று தோட்டா வாங்கும்போது பார்க்கிற அளவுகள் பெரும்பாலும் அந்த ஓர் அங்குலக் குறையிலிருந்து வந்தவை.

கைத்துப்பாக்கியின் பலத்தைப் பற்றிச் சினிமா நிறையத் தவறாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. 9 மி.மீ. குண்டு ஏறத்தாழ 8 கிராம் எடை, நொடிக்கு 350 மீட்டர் வேகம். அது ஓர் ஆளைப் பின்னால் தூக்கி எறியாது. எறியும் என்றால், சுட்டவரும் அதே விசையில் பின்னால் விழுந்திருக்க வேண்டும். நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் வரும் ரைபிள் குண்டு சுற்றியுள்ள தசையை விரித்தே கிழித்துவிடும். கைத்துப்பாக்கிக் குண்டு விரிக்கும் தசையோ பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. அப்புறம் மிஞ்சுவது குண்டு போன வழியில் விழுந்த துளை மட்டும்தான். மூளையோ முதுகுத்தண்டின் மேற்பகுதியோ அடிபட்டால் ஒழிய ஆள் உடனே விழ மாட்டான். இதயமே சிதைந்தாலும், மூளையில் இருக்கும் ஆக்ஸிஜனை வைத்து 10 முதல் 15 நொடி வரை அவனால் இயங்க முடியும்.

ஆகவே முதல் கேள்வி ஆழம். அதை அளக்க ஜெலட்டின் கட்டியைப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்க ராணுவ அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபேக்லர் இதில் முன்னோடி. 10 சதவீத ஜெலட்டின் கரைசலை 4 டிகிரி செல்சியஸில் வைத்தால், குண்டு அதில் ஊடுருவும் ஆழம் பன்றித் தசையில் போகும் ஆழத்தோடு ஒத்துப்போகிறது என்று அவர் காட்டினார். ஒவ்வொரு கட்டியிலும் முதலில் ஒரு சிறு எஃகு உருண்டையைச் சுட்டு, அது சுமார் 8.5 செ.மீ. ஆழத்தில் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். நின்றால்தான் அந்தக் கட்டி சோதனைக்கு ஆகும்.

எஃப்.பி.ஐ. வகுத்த அளவு 12 முதல் 18 அங்குலம், அதாவது ஏறக்குறைய 30 முதல் 45 செ.மீ. மனித மார்பு அவ்வளவு தடிமன் இல்லையே என்று தோன்றும். நேருக்கு நேர் நெஞ்சைக் காட்டி நிற்பவரை வைத்து எடுத்த அளவு இல்லை இது. பக்கவாட்டில் திரும்பியவர், கையை நீட்டியிருப்பவர் எல்லாம் கணக்கில் உண்டு. மயாமியில் குண்டு முதலில் கையைத் தாண்ட வேண்டியிருந்தது.

மேல் வரம்பும் காரணத்தோடுதான் இருக்கிறது. முழு உறையிட்ட சாதாரண 9 மி.மீ. குண்டு ஜெலட்டினில் 60 செ.மீ.யைத் தாண்டிப் போகக்கூடியது. உடலைத் துளைத்து வெளியே வந்து, பின்னால் நிற்பவர் மேல் பாயும். ஹாலோ பாயின்ட் எனப்படும் குழிமுனைக் குண்டு இதைத் தடுக்கிறது. தசையின் ஈரம் முனைக் குழிக்குள் அழுந்தும்போது, செப்பு உறை வெட்டுக்கோடுகள் வழியாகப் பிளந்து இதழ்களாக மடிகிறது. 9 மி.மீ. குண்டு 14, 15 மி.மீ. அகலமாகி வேகம் இழந்து நின்றுவிடும். விரியும் குண்டுகளை 1899 ஹேக் பிரகடனம் போருக்குத் தடை செய்தது. காவல்துறைக்கு அந்தத் தடை இல்லை. நியூயார்க் காவல்துறை 1998இல் குழிமுனைக்கு மாற முடிவெடுத்ததற்கு, அக்கம்பக்கத்தில் நிற்பவர்களின் பாதுகாப்பே முக்கியக் காரணம். என் பார்வையில், தற்காப்புத் தோட்டாவைப் பற்றிப் பேசுபவர்கள் முதலில் பேச வேண்டியதும் அதுதான்.

ஆனால் அகலமும் ஆழமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். சீக்கிரம் விரிந்தால் சீக்கிரம் நின்றுவிடும். மயாமிக் குண்டுக்கு நேர்ந்தது இதுதான். தடித்த துணி குழியை அடைத்துக்கொண்டால் குண்டு விரியாமலே சாதாரணக் குண்டைப் போல் நேராகப் போய்விடும். அதனால்தான் பருத்திச் சட்டை முதல் டெனிம் வரை துணிகளை அடுக்கி ஜெலட்டினுக்கு முன்னால் வைத்தும் சோதிக்கிறார்கள். சில தயாரிப்புகளில் குழிக்குள் மென்மையான பாலிமர் அடைப்பு வைப்பதும் இதற்காகவே. சட்டைப்பைக்குள் அடங்கும் குட்டித் துப்பாக்கிகளில் இன்னொரு சிக்கல்: குழல் குட்டையானால் குண்டின் வேகம் குறையும். நீளக் குழலில் அழகாக விரிந்த அதே தோட்டா இங்கே விரியாமல் போகலாம். பெட்டியில் அச்சிட்ட வேகம் எந்தக் குழலில் அளந்தது என்று பார்க்காமல் வாங்குவதில் பயனில்லை.

மயாமிக்குப் பிறகு எஃப்.பி.ஐ. 9 மி.மீ.யை விட்டுப் பெரிய குண்டுகளுக்குப் போனது. முதலில் 10 மி.மீ., பிறகு 0.40 அங்குலம். இதற்கிடையே குழிமுனை வடிவமைப்பு நன்றாக மேம்பட்டது. ஜெலட்டினில் சிறியதற்கும் பெரியதற்கும் வித்தியாசம் சுருங்கிவிட்டது. 9 மி.மீ.யில் உதைப்பு குறைவு, குறி தவறாமல் அடுத்தடுத்துச் சுடுவதும் சுலபம். 2010களின் நடுவில் எஃப்.பி.ஐ. மறுபடியும் 9 மி.மீ.க்கே திரும்பியது.