தாத்தா ஊர்க் கண்மாய்க்குப் பணம் அனுப்பும் முன்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் உள்ள தமிழர்கள் பலருக்குத் தாத்தா ஊர் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம். கோடையில் காய்ந்த கண்மாயின், அதாவது ஊர்ப் பாசன ஏரியின், படம் வாட்ஸ்அப்பில் வரும். இங்கே சங்கம் கூடி ரிங்கிட் திரட்டும், அங்கே ஜேசிபி இறங்கும். ஆனாலும் தை மாதம் கண்மாய் பாதிகூட நிறைந்திருக்காது.

ராமநாதபுரத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்து முடிந்துவிடும். கண்மாய்க்குள் நேராக விழும் மழை அதை நிரப்பாது. மேலே உள்ள கண்மாயின் கலிங்கு (நிறைந்த பின் உபரிநீர் வெளியேறும் இடம்) வழிந்து வரத்துக்காலில் வரும் தண்ணீர்தான் நிரப்பும். அந்தக் கால்வாய் சீமைக்கருவேலம் மண்டித் தூர்ந்து கிடந்தால், உள்ளே எவ்வளவு தோண்டியும் பயனில்லை. அனுபவமுள்ள தொண்டு நிறுவனம் வரத்துக்காலில்தான் வேலையைத் தொடங்கும். அடுத்து கரை, மடை (வயலுக்கு நீர் திறந்துவிடும் மதகு), கலிங்கு. தூர்வாருவது கடைசி.

தூர்வாருவதில்தான் பணம் அதிகம் வீணாகிறது. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் நீர் தானாக வயலுக்குப் பாயாது. கரையின் அடியை ஒட்டித் தோண்டினால் கரையே சரியும். களிமண் படுகையைக் கிழித்து மணலைத் தொட்டால் தேங்கிய நீர் இறங்கிவிடும். கடலோர ஊர்களில் உப்புநீர் மேலேறும் ஆபத்தும் உண்டு. எனவே தோண்டும் முன்பும் பின்பும் மட்ட அளவு எடுத்த வரைபடத்தைக் கேளுங்கள். லோடு கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு ஹெக்டேரில் 30 சென்டிமீட்டர் அள்ளினால் 3,000 கனமீட்டர், அதாவது சுமார் 1,060 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). பில் அதோடு பொருந்துகிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம்.

அனுமதியும் முக்கியம். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும்.

இயந்திரம் போன பிறகு மடையைத் திறந்து மூட நீர்ப்பாய்ச்சி என்ற ஆள் வேண்டும், ஆண்டுதோறும் முள் வெட்ட நிதி வேண்டும். மதுரையின் தானம் அறக்கட்டளை தன் வயலகம் திட்டத்தில் விவசாயிகளைச் சங்கமாகத் திரட்டுவது இதற்காகத்தான். ஆயக்கட்டுக்காரர்கள் தம் பங்காகச் சிறு தொகையாவது போடாத கண்மாய் சில ஆண்டுகளில் மறுபடி தூர்ந்துவிடும் என்பதே எங்கள் கணிப்பு.

சட்டத்தையும் கவனியுங்கள். மலேசியக் குடிமகன் தருவது இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடை. 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (FCRA) பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புதான் அதை வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பின் பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடில்லி முதன்மைக் கிளையில்தான் வந்து சேர வேண்டும். அதை வேறு அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஊர்க் கமிட்டியின் சாதாரணக் கணக்குக்கு அனுப்பினால் சிக்கல் வாங்கியவர்களுக்குத்தான்.

வேலை செப்டம்பருக்குள் முடியட்டும். கடைசித் தவணையை மட்டும் ஜனவரி வரை நிறுத்தி வையுங்கள். புதுக்கரை எங்கே அமுங்குகிறது, மடை எங்கே கசிகிறது என்பது முதல் மழைக்குப் பிறகுதான் தெரியும். அதைச் சரிசெய்ய அப்போது கையில் பணம் இருக்க வேண்டும்.