36 கண்ணி எப்படி 39 ஆனது?

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: ஊசியால் பின்னும் லேஸ் ஸ்கார்ஃப் ஒன்றின் குறிப்பைப் பார்த்து 36 கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) போட்டுத் தொடங்கினேன், கொஞ்ச வரிசை போனபிறகு எண்ணினால் 39 இருக்கிறது, எழுதியபடிதானே பின்னினேன், எங்கே பிழை? வீட்டில் ஒருவர் "உனக்குக் கைராசி இல்லை" என்று வேறு சொல்லிவிட்டாராம்.

கைராசி என்று ஒன்று இல்லை. எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே கோபம் வரும், ஏனென்றால் ஒரு கணக்குப் பிழையைப் பிறவிக் குறையாக்கிவிட்டால் அதற்குப்பிறகு யாரும் பிழையைத் தேடமாட்டார்கள். லேஸ் பின்னல் முழுக்க முழுக்கக் கூட்டல் கழித்தல்தான், அதுவும் ஆறாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு.

நிட், பர்ல் என்ற அடிப்படைப் பின்னல்கள் இரண்டும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். குறிப்பில் அதற்குமேல் வரும் முக்கியமான சுருக்கெழுத்துகள் இரண்டு. 'ஒய்ஓ' (yo) என்றால் நூலை வலக்கை ஊசியின்மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அப்படியே அடுத்த கண்ணிக்குப் போவது. சாதாரணக் கண்ணி எப்போதும் கீழே இருக்கும் பழைய கண்ணிக்குள்ளால் இழுக்கப்பட்டு வருகிறது, இந்தச் சுற்று எதற்குள்ளாலும் வரவில்லை, ஆகவே அதன் கீழே வெறும் இடம். அதுதான் லேஸின் துளை. ஆனால் ஊசியில் ஒரு கண்ணி கூடிவிட்டதே? அதை ஈடுகட்டத்தான் 'கே2டாக்' (k2tog), இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னுவது. ஒன்று கூடும், ஒன்று குறையும். 'எஸ்எஸ்கே' (ssk) என்று இருந்தால் அதுவும் இரண்டை ஒன்றாக்குவதுதான், கண்ணி மட்டும் இடப்பக்கம் சாயும், கே2டாக்கில் வலப்பக்கம் சாயும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். கூட்டுவதும் குறைப்பதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை! ஸ்கொட்லாந்தின் ஷெட்லாந்துத் தீவுகளில் பின்னப்படும் பழைய அலை வடிவம் ஒன்றைப் பாருங்கள். நான்கு வரிசையில் மூன்று வெறும் நிட்டும் பர்லும்தான், வேலையெல்லாம் மீதி ஒரு வரிசையில்: கே2டாக் மூன்று தடவை, பிறகு ஒய்ஓவும் ஒரு நிட்டும் மாறி மாறி ஆறு தடவை, மறுபடி கே2டாக் மூன்று தடவை. எண்ணிப் பாருங்கள். ஆறு கே2டாக்குக்கு 12 கண்ணி செலவாகிறது, ஆறு நிட்டுக்கு 6, மொத்தம் 18. கே2டாக்கிலிருந்து வெளியே வருவது 6, அதோடு 6 நிட், 6 புதிய சுற்று, அதுவும் 18. கணக்குச் சரி. ஆனால் துணிக்குள் என்ன நடக்கிறது? நடுவில் ஆறு கண்ணி இருந்த இடத்தில் இப்போது பன்னிரண்டு நெருக்குகின்றன, இரு ஓரங்களிலும் ஆறு இருந்த இடத்தில் மூன்றுதான் மிச்சம். நடுவில் பிறக்கும் புதுக் கண்ணிகள் பழையவற்றை வெளிப்பக்கம் தள்ள, ஓரத்தில் அவை ஒவ்வொன்றாக விழுங்கப்படுகின்றன. ஆகவே கண்ணி நிரல்கள் நேராக மேலே போகமுடியாமல் விசிறிபோலச் சாய்கின்றன. வரிசை எப்போதும் நிரலுக்குக் குறுக்காகத்தான் ஓடும், நிரல் சாய்ந்தால் வரிசையும் வளைந்தே ஆகவேண்டும். கூட்டிய இடத்தில் மேடு, குறைத்த இடத்தில் பள்ளம், அவ்வளவுதான், அலை வந்துவிட்டது! யாரும் வளைத்துப் பின்னவில்லை, ஊசி நேராகத்தான் போனது, வளைவு கணக்கிலிருந்து தானாக வருகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது.

இதே கணக்குத்தான் பிழையையும் காட்டிக்கொடுக்கும். உங்கள் ஸ்கார்ஃபும் இந்த அலை வடிவம் என்றால் 36 கண்ணி என்பது 18ஆக இரண்டு துண்டு. ஒவ்வொரு 18 கண்ணிக்கும் இடையில் வேறு நிற நூலில் ஒரு சிறு வளையம் போட்டு ஊசியில் கோர்த்துவிடுங்கள். லேஸ் வரிசை முடிந்ததும் துண்டு துண்டாக எண்ணுங்கள். எந்தத் துண்டில் 18 வரவில்லையோ பிழை அதற்குள்தான், முழு வரிசையையும் பிரிக்கத் தேவையில்லை. கூடியிருந்தால் ஒரு கே2டாக் விடுபட்டிருக்கும், அல்லது நிட்டிலிருந்து பர்லுக்கு மாறும்போது நூலை ஊசிகளுக்கு இடையால் கொண்டுவராமல் மேலால் கொண்டுவந்திருப்பீர்கள், தெரியாமலே ஒரு ஒய்ஓ விழுந்துவிடும். புதிதாகப் பழகுபவர்களிடம் கண்ணி கூடுவதற்கு இது பெரிய காரணம். குறைந்திருந்தால் பெரும்பாலும் திரும்பி வரும் வரிசையில் ஒரு ஒய்ஓவைத் தளர்ந்த நூல் என்று நினைத்து நழுவவிட்டிருப்பீர்கள். ஒன்றுமட்டும் கவனம், ஒரே துண்டில் ஒரு ஒய்ஓவும் ஒரு கே2டாக்கும் சேர்ந்து விடுபட்டால் எண்ணிக்கை 18 என்றே காட்டும், அங்கே துளைகள் இருக்கும் இடத்தைக் கண்ணால்தான் பார்க்கவேண்டும்.

பிழை நாலைந்து வரிசைக்குக் கீழே இருந்தால்? நம்மூர்க் கரையில் வலை பொத்துபவர்களைக் கவனித்திருப்பீர்கள், வலையில் ஒவ்வொரு கண்ணுக்கும் முடிச்சு உண்டு, ஒரு கண் அறுந்தால் பக்கத்துக் கண் அப்படியே நிற்கும். பின்னலில் முடிச்சே கிடையாது. ஒரே நூல் தனக்குள் தானே வளைந்து நிற்கிறது, ஒரு கண்ணி நழுவினால் கீழே உள்ளவை ஏணிப்படிபோல இறங்கிக்கொண்டே போகும். அதனால் பத்துப் பன்னிரண்டு வரிசைக்கு ஒரு தடவை, எண்ணிக்கை சரியாக இருக்கும் வரிசையில், தையல் ஊசியால் ஒரு மெல்லிய நூலை எல்லாக் கண்ணிகளுக்குள்ளாலும் ஓட்டி விடுங்கள். பிரித்தாலும் பின்னல் அந்த நூலோடு நின்றுவிடும்.

இந்த முடிச்சில்லாத நூலை இயற்பியலாளர்கள் இப்போது தீவிரமாக ஆராய்கிறார்கள். அமெரிக்காவின் ஜோர்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் எலிசபெத்தா மாட்சுமோட்டோவின் குழு, நிட்டையும் பர்லையும் அடுக்கும் விதத்தை மாற்றினாலே துணியின் இழுபடும் தன்மை எவ்வளவு மாறுகிறது என்று 2024இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. இங்கே ஒரு பிள்ளை பின்னலை ஆராயப் பணம் கேட்டால் பெண்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள் என்பதே என் பயம். வலையும் பின்னலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் திருகோணமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் இப்படி ஓர் ஆய்வு நடந்தால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்!

கடைசி வேலை, விரித்துக் காயவைப்பது. பின்னி முடித்த லேஸ் சுருங்கிக் கசங்கித்தான் இருக்கும், பயப்படவேண்டாம். கம்பளி நூல் என்றால் நனைந்ததும் அதன் புரத இழைகளுக்கு இடையிலான ஐதரசன் பிணைப்புகள் விடுபடும், இழுத்துக் குண்டூசியால் குத்தி வைத்தால் காயும்போது புதிய நிலையில் மறுபடி பிணையும், அடுத்த தடவை கழுவினால் திரும்பவும் குத்தவேண்டும். பருத்தி நூல் அந்த அளவுக்கு வடிவத்தைப் பிடிக்காது, ஆனால் நம் வெயிலுக்கு அணிய அதுதான் சரி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் சீக்கிரம் காய்ந்துவிடும், மார்கழி மழையில் மின்விசிறியின் கீழே விரித்து விடுங்கள். குண்டூசிமட்டும் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள், கடற்காற்றில் சாதாரண ஊசி துருப்பிடித்து நூலில் கறை விட்டால் அது எளிதில் போகாது.