அப்போப்டோசிஸ்: தற்கொலையா, உதிர்வா?

புற்றுநோய் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் 'அப்போப்டோசிஸ்' வந்தால் பக்கத்திலேயே 'செல் தற்கொலை' என்றோ 'திட்டமிட்ட செல் இறப்பு' என்றோ இருக்கும். முன்னது மிகை. பின்னது அரசாணை வாசிப்பது போல் இருக்கிறது.

மூலச்சொல் கிரேக்கம். 'அப்போ' விலகி, 'ப்டோசிஸ்' விழுதல். மரத்திலிருந்து இலையும் பூவிலிருந்து இதழும் கழன்று விழுவதைச் சொல்வது. 1972இல் கெர், வில்லி, கரி என்ற நோயியல் ஆய்வாளர் மூவர் இதை உயிரணுவின் சாவுக்குப் பெயராக வைத்தார்கள். எடுத்துக்கொடுத்தவர் அபர்டீன் பல்கலைக்கழகக் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மக். (இரண்டாவது 'ப்' ஒலிக்கக் கூடாது என்று அவர்களே குறிப்பு எழுதியும் பாதிப் பேர் கேட்பதில்லை.)

ஏற்காட்டில் சித்தப்பாவின் காப்பித் தோட்டத்தில், ஐப்பசி மழைக்கு நிழல்மரப் பலா ஒன்றின் கிளை முறிந்து தொங்கியது. சில வாரம் கழித்துப் போனேன். இலையெல்லாம் சருகாகச் சுருண்டிருந்தன, ஒன்றுகூட உதிரவில்லை. இழுத்தால் காம்போடு பட்டையும் உரிந்து வந்தது. அதே மரத்தின் நல்ல கிளையிலோ, பழுத்த இலை விரல் பட்டதும் கழன்றது. இருந்த இடத்தில் வழவழப்பான தழும்பு. "செத்த கிளை இலையை விடாது" என்றார் மேஸ்திரி. உதிர்வதற்கு உயிர் வேண்டும். காம்படியில் உள்ள உயிரணுக்கள் வேலை செய்து பிரித்துவிட்டால்தான் இலை விழும்.

உடம்பிலும் இதே வேறுபாடுதான். அடிபட்டுச் சாகும் உயிரணு வீங்கி வெடித்து, சுற்றிலும் அழற்சியைக் கிளப்பும். அது நெக்ரோசிஸ், தமிழில் 'நசிவு'. உதிரும் உயிரணு ஆற்றலைச் செலவழித்துச் சுருங்கி, சிறு பொட்டலங்களாகப் பிரிந்து, அக்கம்பக்கத்து உயிரணுக்களுக்கு இரையாகிவிடும். கருவில் விரல்களுக்கு இடையே உள்ள சவ்வு மறைவது இப்படித்தான். பழுத்தும் காம்பை விடாதது புற்றணு.

அதை உதிரவைக்கும் மருந்துகளில் சில செடியிலிருந்து வந்தவை. சேலம் அஸ்தம்பட்டி வீட்டு வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணியில் உள்ள வின்கிரிஸ்டின், உயிரணு இரண்டாகப் பிரியத் தேவையான நுண்குழல்களைக் கட்டவிடாது. பிரிய முடியாமல் திணறும் உயிரணு உதிர்ந்துவிடும். செடியையே தின்றால் நஞ்சு. சுடுகாட்டு மல்லி என்பதும் இதே செடியின் பெயர்தான். லீ பஜார் மண்டிக்கு வரும் மஞ்சளின் குர்குமினும் ஆய்வகத் தட்டில் புற்றணுவை உதிர்க்கிறது. ஆனால் வாய்வழி உண்டால் இரத்தத்தில் சேர்வது சொற்பம். புற்றுநோய்க்கு மருந்தாக அது இன்னும் தேறவில்லை.

ஆகவே 'உயிரணு உதிர்வு' என்றே எழுதுகிறேன். வேண்டுமானால் 'உதிர்வூக்கி மருந்து' என்று நீட்டலாம். 'தற்கொலைத் தூண்டி' என்று எந்த மருந்துச்சீட்டில் எழுத முடியும்?