வயிற்றில் ஒப்பரேஷன், தோளில் ஏன் நோவு?

களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார். மகளுக்குச் சூலகத்தில் நீர்க்கட்டி. மூன்று சின்ன ஓட்டை போட்டு, கமரா விட்டு எடுத்திருக்கிறார்கள். அடுத்த நாளே வீட்டுக்கு வந்தாயிற்று. வயிறு அவ்வளவாக நோகவில்லையாம். எழுந்து உட்கார்ந்தால் வலது தோளில்தான் குத்து. "காத்துப் பட்டிருக்குகா, நூல் கட்டு" என்றாராம் பக்கத்து வீட்டு மாமி. வேர்க்கொம்பும் அவித்துக் கொடுத்துவிட்டார்கள்.

மாமி சொன்னதில் பாதி சரி. காற்றுத்தான். ஆனால் வெளியே பட்ட காற்று அல்ல, டொக்டர்மார் குழாய் வைத்து உள்ளே அடித்த காற்று.

வயிற்றுக்குள் சும்மா கிடக்கிற இடம் என்று எதுவும் இல்லை. குடலின் மேலேயே வயிற்றுச் சுவர் படிந்து கிடக்கும். அதற்குள் கமராவை விடுவது, தூக்கிக் கட்டாத நுளம்புவலைக்குள் விழுந்த தோட்டைத் தேடுவது போல. அதனால் முதலில் வலையைத் தூக்குகிறார்கள்: தொப்புள் வழியாகக் காபனீரொட்சைட்டு வாயு. அமுக்கம் 12 முதல் 15 மில்லிமீற்றர் இரசம், அதாவது பிரஷர் பார்க்கும்போது சொல்கிற 120இல் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு. சாதாரணக் காற்றை ஏன் அடிப்பதில்லை? காற்றில் பெரும்பகுதி நைதரசன். அது இரத்தத்தில் லேசில் கரையாது, குமிழாக நாளத்துக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ஒட்சிசனோ மின்சாரத்தால் சுட்டு இரத்தம் நிறுத்துகிற இடத்தில் நெருப்புக்குத் துணை போகும். காபனீரொட்சைட்டு எரியாது, சோடாவில் கரைவது போல இரத்தத்தில் கரைந்து மூச்சோடு வெளியேறும்.

கட்டியை எடுப்பது இதன் பிறகு. நல்ல சூலகத்தை விட்டுவிட்டுக் கட்டியின் தோலை மட்டும் உரித்து, ஒரு சின்னப் பைக்குள் போட்டு ஓட்டை வழியாக இழுத்துவிடுவார்கள். புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தாலோ கட்டி மிகப் பெரிதென்றாலோ வயிற்றைத் திறந்தே செய்ய வேண்டி வரலாம்.

சரி, தோள்? முடிவில் வாயுவை வெளியே விட்டாலும் கொஞ்சம் மிஞ்சும். பிள்ளை எழுந்து உட்கார்ந்ததும் அது மேலே ஏறி, ஈரலுக்கும், மூச்சு விடும்போது ஏறி இறங்குகிற தசைத் தகடான பிரிமென்றகட்டுக்கும் நடுவே போய் நிற்கும். ஈரத்தில் பட்ட காபனீரொட்சைட்டு காபோனிக் அமிலமாகி அந்தத் தகட்டை உறுத்தும். ஒப்பரேஷனின்போது தகடு இழுபட்டதும் சேர்ந்துகொள்ளும்.

இனி வருவதுதான் எனக்கு அலுக்காத கதை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற பிரிமென்றகடு அங்கே உருவானதல்ல. தாய் வயிற்றில் நாலாவது கிழமை அளவில், நாம் ஒரு பயற்றை விடச் சின்னதாக இருந்தபோது, அதன் முதல் துண்டு கழுத்துப் பக்கம்தான் இருந்தது. கழுத்தில் முண்ணாணின் 3, 4, 5ஆம் நரம்புகளில் இருந்து தனக்கொரு நரம்பை வாங்கிக்கொண்டது. பிறகு உடல் வளர வளரக் கீழே இறங்கியது; நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்தது. அதனால்தான் அந்த நரம்பு இன்றும் கழுத்தில் தொடங்கி, இதயத்தின் ஓரமாக இறங்கித் தகட்டைத் தொடுகிறது. கொழும்புக்குக் குடிபோய் முப்பது வருடம் ஆகியும் வாக்காளர் இடாப்பில் பெயர் கல்லடியிலேயே இருக்குமே, அந்தக் கணக்கு. தோள் தோலின் உணர்வும் அதே கழுத்து நரம்புகளுக்குத்தான் போகிறது. தகட்டில் இருந்து சேதி வந்தால் மூளை விலாசத்தைப் பார்த்துவிட்டு, "தோள்" என்று முடிவு கட்டிவிடுகிறது. தோளில் ஒரு கீறலும் இல்லை. நோவு மட்டும் உண்மை.

முடிக்கும் முன் மயக்க மருந்து டொக்டர் சில தடவை நுரையீரலை நன்றாக ஊதிவிட்டால், மிஞ்சிய வாயு வெளியே தள்ளப்பட்டுத் தோள் நோவு குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவே இல்லாத வேலை. விற்க எதுவும் இல்லாத இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்குக் காசு கொடுக்க ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை என்பது என் பழைய ஆற்றாமை.

அக்கா, பிள்ளையைக் கொஞ்சம் படுக்கவிடுங்கள், மெல்ல நடக்கவும் விடுங்கள். நூல் கட்டினால் இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் மாறிவிடும். கட்டாவிட்டாலும் அதே இரண்டு மூன்று நாள்தான். ஆனால் காய்ச்சல், மூச்சு முட்டல், தலைச்சுற்று, வயிறு வீங்கி நோவு கூடுதல் என்று ஏதாவது வந்தால், வேர்க்கொம்பை அடுப்பில் இருந்து இறக்கி வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.